என் மகளின் மார்க் என் மோதிர விரலில்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான்காம் ஆண்டு வகுப்பறையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் முழங்கால் மேசைக்கு அடியில் நுழையவில்லை. எல்லாரும் பெரியவர்கள். காலையில் ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டியவர்களும் எண்ணெய்ச் செம்பனைக் குலை இறக்கியவர்களும் குளித்துத் தலைவாரி, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பக்கவாட்டில் திரும்பி, காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுடைய பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். பரீட்சை பெரியவர்களுக்கு. மார்க் மட்டும் பிள்ளைகளுக்கு.

அந்தப் பெரியவர்களில் நானும் ஒருத்தி. அதே தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு டீச்சர். பக்கத்து வகுப்பில் பிரம்பைத் தட்டிக்கொண்டு நிற்கிறவள், இங்கே மாணவியாக வந்து உட்கார்ந்திருந்தேன். என் கையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ரெக்கார்டர். இசைப் பாடத்துக்குப் பள்ளியில் கொடுக்கும் குழல் அது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அதற்குப் பெயர் பீப்பி.

சுவரோரம் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி என் மகள் சுமதி. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடதுகை மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே நாற்காலியில் யோகமலர் டீச்சர் உட்கார்ந்திருந்தார். எழுத்தில் ‘உட்கார்ந்திருந்தார்’ என்று மரியாதையாகப் போடுகிறேன். அந்த நாளில் என் மனசுக்குள் அவர் ‘உட்கார்ந்திருந்தாள்’தான்.

கோலா குபு பாருவிலிருந்து வந்தவர்

புதிய பாடத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கி, ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு ஏறி, நான்காம் ஆண்டுக்கு வந்திருந்த நேரம் அது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். பாதி ரப்பர், பாதி செம்பனை. என் கணவர் அங்கே கிராணி. ஆபீஸ் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பள்ளியில்தான் வேலை.

யோகமலர் டீச்சர் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா கோலா குபு பாருவில் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் வெளியூரில். சுமதி வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்கு அடுத்த குவார்ட்டர்சில் தனியாக இருந்தார். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். ரவாங்கில் இறங்கி இன்னொரு பஸ். ஞாயிறு மாலை திரும்பி வருவார்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது குறைந்ததா என்றால், இல்லை.

அவர் சேலை மடிப்பு சாயங்காலம் வரை கலையாது. என்னுடையது முதல் மணி அடிப்பதற்குள் கலைந்துவிடும். அவர் கரும்பலகையில் எழுதினால் அச்சு மாதிரி இருக்கும். அவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. என் குரல் தோட்டத்துக் கோடியில் இருக்கும் பால் ஸ்டோர் வரைக்கும் கேட்கும் என்று மண்டோர் பெருமாள் சொல்வார். மண்டோர் என்றால் வெட்டுக்காரர்களை வேலை வாங்குகிறவர். சத்தம் போடுவதே தொழில். அப்படிப்பட்டவரே சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் அவர் வகுப்பில் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

“சோறு போதுமா?”

“ஓம், அம்மா.”

“என்னா ஓம்? இங்க என்ன பூசையா நடக்குது?”

“யோகமலர் டீச்சர் அப்படித்தான் சொல்வாங்க.”

“அவங்க அவங்க வீட்டுல சொல்லட்டும். நம்ம வீட்டுல ‘ஆமா’ன்னு சொல்லு.”

என் கணவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, “ஒரு வார்த்தைதானலா, விடேன்,” என்றார். அவருக்கு ஒரு வார்த்தை. எனக்கு அது மகள் கையை விட்டு நழுவும் சத்தம். அவள் நடையில் அவர் நடை வந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பதும் அப்படியே வந்தது. என் வயிற்றில் பிறந்த பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த குவார்ட்டர்சுப் பிள்ளையாகிக்கொண்டிருந்தது.

நாலு வட்டத்தில் ஒன்று

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் சும்மா ஆள் இல்லை.

ஐந்தாம் ஆண்டு முடிவில் நாடு முழுவதும் ஒரே நாளில், ஒரே தாளில் ஒரு சோதனை நடக்கும். கேள்விக்குக் கீழே ஏ, பி, சி, டி. சரியானதை 2பி பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே போனால் மெஷின் படிக்காது. அந்தச் சோதனைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் அந்த வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

பென்சிலை எப்படிச் சீவுவது, எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பது, தெரியாத கேள்வியில் எந்த இரண்டு விடையை முதலில் தள்ளுவது, எல்லாம் சொல்லிக்கொடுப்பேன். பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடைத்தெருவில் நான் நடந்தால், “ஏ வாங்க வைக்கிற டீச்சர்” என்று காட்டுவார்கள். துணிக்கடைக்காரர் எனக்கென்று நாற்காலி போடுவார். மனுஷனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

பரீட்சை என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கொள்ளை ஆசை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “திருப்பலாம்” என்று சொல்கிற அந்த நேரத்தில் என் உள்ளங்கை வேர்க்கும். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். மற்றவர்கள் பேனாவைக் கடிக்கும்போது நான் எழுதி முடித்துவிட்டுச் சுற்றிமுற்றிப் பார்ப்பேன். அந்தப் பார்வையின் சுகத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இந்த இடத்தில் பயிற்சிக் கல்லூரியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்னால் தேவைப்படும்.

எனக்குப் பாட்டு வராது. கொஞ்சம்கூட வராது. பயிற்சிக் கல்லூரியில் எல்லாரும் சேர்ந்து பாடும்போது விரிவுரையாளர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, “நீ உதட்டை மட்டும் அசைம்மா,” என்றார். இரண்டு வருடமும் உதட்டை மட்டும் அசைத்தேன்.

ஆனால் வருடக் கடைசியில் இசைக்கு எழுத்துத் தேர்வுதான். சுரங்களின் பெயர், தாளக் குறிகள், வாத்தியங்களின் வகை. ராத்திரி பகலாக உருப்போட்டேன். வகுப்பிலேயே நான்தான் முதல். வீணை மாதிரிக் குரல் வைத்திருந்த என் தோழி அந்தப் பாடத்தில் தட்டுத் தடுமாறித்தான் பாஸ் செய்தாள். என் சான்றிதழில் இசைக்கு எதிரே ‘மிகச் சிறப்பு’ என்று இருக்கிறது. இன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

தாள் இல்லாத பரீட்சை

தவணை முடிவு வந்தது. எல்லா வகுப்பிலும் கேள்வித்தாள் உருட்டி எடுத்தோம். சைக்ளோஸ்டைல் மெஷினில் மை என் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. யோகமலர் டீச்சர் மட்டும் அந்த மெஷின் பக்கமே வரவில்லை.

ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர் கேட்டார். “டீச்சர், உங்க தாள் எங்க?”

“தாள் இல்லை சார். பிள்ளையள் ஒவ்வொருத்தரும் இந்தத் தவணையில படிச்சதில ஒண்டை எடுத்து, அது தெரியாத ஒரு பெரிய ஆளுக்குச் சொல்லிக் குடுக்கட்டும். பிறகு நான் அந்தப் பெரிய ஆளைக் கேள்வி கேப்பன். அவருக்கு விளங்கியிருந்தால், பிள்ளைக்கும் விளங்கியிருக்குது என்டுதானே அர்த்தம்?”

தலைமையாசிரியருக்கு வாயில் ஈ போனால்கூடத் தெரிந்திருக்காது. நான் சிரித்துவிட்டேன்.

“அப்ப அப்பன் ஆத்தா பெயிலானா பிள்ளை பெயிலா?”

“பெயில் பாஸ் ஒண்டும் இல்லை டீச்சர். ஆள் எங்க தடக்குப்படுறார் என்டு பார்த்தால், பிள்ளை எங்க தடக்குப்படுது என்டு எனக்குத் தெரிஞ்சிடும். அதை ஒரு வரியில எழுதிக் குடுப்பன்.”

“நம்பர்?”

“நம்பர் இல்லை.”

நம்பர் இல்லாத மார்க்! என் மகள் முதலாம் ஆண்டிலிருந்து வகுப்பில் முதல் ஆள். நம்பரே இல்லையென்றால் முதல் ஆள் எங்கே இருப்பாள்? இந்த அம்மாள் என் மகளின் நடையை எடுத்தார், பேச்சை எடுத்தார், இப்போது ஒன்றாம் நம்பரையும் எடுக்கப் போகிறார் என்று எனக்கு எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி உள்ளுக்குள் வெடித்தது.

தலைமையாசிரியர் தலையைச் சொறிந்தார். புதிய பாடத்திட்டத்தில் டீச்சரே மதிப்பிடலாம் என்று சுற்றறிக்கை வேறு வந்திருந்தது. “ஒரு தடவை செஞ்சு பாருங்க டீச்சர்,” என்று விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் சுமதி வீட்டுக்கு வந்ததும் நான் சும்மா கேட்பது மாதிரிக் கேட்டேன். “நீ யாருக்குடி சொல்லிக் குடுக்கப் போற? அப்பாவுக்கா?”

“அப்பாவுக்குக் கணக்கெல்லாம் தெரியும். தெரியாத ஆளுக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்.”

“அப்ப?”

“உங்களுக்கு. ரெக்கார்டர்.”

நான் அடுப்பை அணைத்தேன். “எனக்கா? நான் டீச்சர்டி. இசையில மிகச் சிறப்பு. சர்டிபிகேட் பார்க்கிறியா?”

“நான் டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். எங்கம்மாவுக்குப் பாட்டு சுத்தமா வராது, தாலாட்டுகூட அப்பாதான் பாடுவாருன்னு. டீச்சர் சிரிச்சாங்க. நல்ல ஆளாத்தான் பிடிச்சிருக்கிறாய்னு சொன்னாங்க.”

சிரித்தாராமே! என் மகள் என் மானத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க, அவர் வாங்கி வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாட்டேன் என்றால் சுமதி லயத்து ஆயா ஒருத்தியைப் பிடிப்பாள். சாயங்காலம் முழுக்க அங்கேயே கிடப்பாள். அதற்கு இது தேவலை என்று குழலை வாங்கிக்கொண்டேன்.

பின்வாசல் பாடம்

பின்வாசல் படியில் பாடம் நடந்தது. மூன்றே மூன்று சுரம். பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு சின்ன மெட்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூடினால் ஒன்று. நடுவிரலும் சேர்ந்தால் இன்னொன்று. மோதிர விரலும் சேர்ந்தால் மூன்றாவது. இவ்வளவுதான்.

முதல் இரண்டும் எப்படியோ வந்தன. மூன்றாவது வரவில்லை. என் மோதிர விரல் ஓட்டையின் ஓரத்தில் போய் உட்காரும். காற்று தப்பிக் கீச்சென்று ஒரு சத்தம். வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

“பரவாயில்லை அம்மா,” என்றாள் சுமதி, தலையை ஒரு பக்கம் சாய்த்து. “அவசரப்படாதீங்கோ. எங்க பிழைச்சது என்டு நீங்களே பாருங்கோ.”

என் உடம்பு முழுவதும் பற்றிக்கொண்டது. கீச்சு சத்தம் வந்ததற்காக இல்லை. என் வீட்டுப் பின்வாசலில், என் மகள் வாயில், யோகமலர் டீச்சர் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பொறுமை அவருடையது. அந்த மெதுவான குரல் அவருடையது. நான் படியில் உட்கார்ந்து அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நம்ம தமிழ்ல பேசுடி,” என்றேன்.

“சரி அம்மா. எங்க தப்பு வந்துச்சுன்னு பாருங்க.” வார்த்தை மாறியது. குரல் மாறவில்லை.

ஒரு வாரம் இப்படி ஓடியது. அவள் ஒருநாளும் கோபப்படவில்லை. அவள் கோபப்படாததே எனக்கு ஆத்திரமாக இருந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ் சன்னல் திறந்திருக்கும். கீச்சு சத்தம் ஒவ்வொன்றும் அங்கே கேட்டிருக்கும். மறுநாள் ஆசிரியர் அறையில் அவர், “எப்பிடிப் போகுது டீச்சர்?” என்று கேட்பார். “பிரமாதம்,” என்பேன்.

சனிக்கிழமைக்கு முந்தின நாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சுமதிக்குப் பயம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. நான் ஊதினேன். கீச். மறுபடி. கீச். மறுபடி.

படாரென்று என் மோதிர விரலில் ஒரு அடி விழுந்தது. பென்சிலால்.

“எத்தனை தடவ சொல்றது? கண்ணு எங்க இருக்கு, விரலு எங்க இருக்கு? மண்டையில என்ன களிமண்ணா இருக்கு? மூடுன்னா முழுசா மூடணும்!”

எழுந்து நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில். இன்னொரு கையில் பென்சில், பிரம்பு பிடிக்கிற மாதிரி. மூக்கு விடைத்திருந்தது. குரல் நிச்சயமாக ஸ்டோர் வரைக்கும் போயிருக்கும்.

உள்ளேயிருந்து என் கணவர் பேப்பரைக் கீழே இறக்கினார். “யாரு சரோஜா, நீயா கத்துற?” என்று கேட்டார். வாசலுக்கு வந்து பார்த்து, கத்தியது மகள் என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விரல் விண்விண்ணென்று வலித்தது. ஆனால் என் சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். ஒரு வார்த்தை மாறவில்லை. எல்லாம் என் வார்த்தை. இடுப்பில் வைத்த கை என் கை. விடைத்த மூக்கு என் மூக்கு. ஒரு வாரமாக அடுத்த வீட்டில் குடியிருந்த என் மகள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே இரண்டு தடவை விரலைத் தளர்த்தினேன் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். அது பொய். எனக்கு உண்மையாகவே மூட வரவில்லை.

போட்டோ எத்தனை வேண்டும்?

யோகமலர் டீச்சர் அந்த வாரம் ஊருக்குப் போகவில்லை. சனிக்கிழமை பரீட்சை வைத்திருந்ததால் வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டார். தோட்டத்து ஜனங்களுக்கு வேலை இல்லாத மத்தியானம் அதுதான்.

யாரும் வரமாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டாத குறை. வேலை செய்து அலுத்து வந்த ஆள் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்ல எதற்கு வரப்போகிறான்?

வந்து பார்த்தால் வாசல் நிறையச் செருப்பு. அதுவும் எப்படி வந்திருந்தார்கள்! ஆண்கள் முழுக்கால் சட்டை. பெண்கள் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சேலை, தலை நிறையப் பூ. பல பேர் கையில் பிளாஸ்டிக் பை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பால்மரம் வெட்டுகிற முனியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குனிந்து மெதுவாகக் கேட்டார். “டீச்சரம்மா, போட்டோ மூணு கொண்டாந்திருக்கேன். போதுமா?”

“எதுக்கு போட்டோ?”

“நீல ஐசிக்குத்தான்.”

அப்போதுதான் விளங்கியது. தோட்டத்தில் பாதிப் பேரிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. இந்த மண்ணிலேயே நரைத்துப் போனவர்களிடமும் சிவப்புதான். குடியுரிமைக்கான நீல ஐசி கேட்டுப் போனால், மலாயில் கேள்வி கேட்பார்கள். தடுமாறினால் பிறகு வா என்று அனுப்பிவிடுவார்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் மலாய்ப் பாடத்தைத்தான் வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பள்ளியில் பெரியவர்களுக்கு மலாயில் பரீட்சையாம் என்று ஒரு லயத்தில் கிளம்பிய பேச்சு, அடுத்த லயத்துக்குப் போவதற்குள் பரீட்சையில் பாஸானால் நீல ஐசி என்று ஆகியிருந்தது.

நல்லா மாட்டிக்கிட்டார் என்று நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், என் மனசு குதித்தது. இப்போது இவர் எழுந்து, இது ஐசி பரீட்சை இல்லை என்று சொல்ல வேண்டும். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போகும். திங்கட்கிழமை அவரும் சைக்ளோஸ்டைல் மெஷின் பக்கம் வருவார்.

எழுந்து சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். “நீங்கள் பிழையா விளங்கிக்கொண்டு வந்திருக்கிறியள். இது பிள்ளையளின்ர பரீட்சை. ஐசி தர எனக்கு அதிகாரம் இல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

வகுப்பறையில் பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம் மட்டும் கேட்டது. முனியம்மா போட்டோவைத் திரும்பப் பையில் போட்டார்.

மண்டோர் பெருமாள் பின்பெஞ்சிலிருந்து தொண்டையைக் கனைத்தார். அவரிடமும் சிவப்பு ஐசிதான். “பரவால்லலா டீச்சர். அங்க ஐசி ஆபீசுல அவன் கேக்கிறதுக்கு முந்தி, இங்க நீங்க ஒருக்கா கேட்டுருங்க. தப்பு எங்கன்னு நீங்களாவது சொல்வீங்க. அவன் சொல்லவா போறான்?”

ஒருவரும் எழுந்து போகவில்லை. என் சந்தோஷம்தான் எழுந்து போனது.

முனியம்மாவை முதலில் அழைத்தார். அவர் மகன் சொல்லிக்கொடுத்தது தபால் நிலையத்தில் பேசுகிற மலாய். “சாயா மாவு ஹந்தார் சூராட்,” என்று தொடங்கினார் முனியம்மா. கடிதம் அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். அதற்கு மேல் நகரவில்லை. நெற்றியில் வேர்வை. சுவரோரம் நின்ற மகன் உதட்டை அசைத்தான். யோகமலர் டீச்சர் அவனைப் பார்க்கவும் அடங்கிவிட்டான்.

“எங்க நிக்குதக்கா?” என்று கேட்டார்.

“எங்க அனுப்பறேன்னு சொல்ற இடத்துல டீச்சர். ஊரு பேருக்கு முன்னாடி ஒரு சின்ன வார்த்தை வரும். அத இவன் வேகமா சொல்லிட்டு ஓடிருவான்.”

டீச்சர் சிரித்துக்கொண்டே ஒரு வரி எழுதினார். ‘பையனுக்கு மலாய் தெரியும், சின்னச் சொற்களை விழுங்கிவிடுகிறான்.’ வாசித்தும் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பையன் அடுத்த வருடம் என் வகுப்புக்கு வரப்போகிறவன். நான் நூறு தாள் கொடுத்து நூறு வட்டம் கறுப்பாக்க வைத்திருந்தாலும் அந்த ஒரு வரி எனக்குக் கிடைத்திருக்காது. அது அவருக்குக் கிடைத்துவிட்டது. இந்தப் பொறாமை வேறு ஜாதி. இது டீச்சருக்கு டீச்சர்மேல் வருகிற பொறாமை. இதற்கு மருந்து கிடையாது.

கீச்

“சரோஜா டீச்சர், வாங்கோ.”

எழுந்து போனேன். தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. பரீட்சை என்றால் ஆசையில் வேர்க்கிற என் உள்ளங்கை அன்று பயத்தில் வேர்த்தது. சுமதி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஊதினேன். முதல் சுரம் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது, கீச்.

பின்பெஞ்சில் யாரோ, “டீச்சரம்மா பீப்பி பஞ்சராயிருச்சு,” என்றார்கள். வகுப்பே சிரித்தது. என் முகம் சுண்டிப்போனது. நான் பரீட்சையில் தோற்றதே இல்லை. தோற்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

யோகமலர் டீச்சர் சிரிக்கவில்லை. “எங்க பிழைச்சது என்டு தெரியுதோ டீச்சர்?”

“தெரியுது. மோதிர விரல் ஓட்டைய முழுசா மூடல. ஓரத்துல உக்காருது. நுனியால அமுக்காம, விரல் சதையால மூடணும். அவசரத்துல தூக்கிடறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே ஆச்சரியம். மிகச் சிறப்பு வாங்கிய அந்த இசைத் தேர்வில் நான் எழுதிய ஒரு வரியாவது எனக்கு அன்று நினைவில் இல்லை. இது மட்டும் விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் என் கையை வாங்கிப் பார்த்தார். மோதிர விரல் முட்டியில் பென்சில் கரி ஒரு கோடாக இருந்தது. சுமதியை அருகில் கூப்பிட்டார்.

“அடிச்சனியோ?”

சுமதி தலையைக் குனிந்து ஆமாம் என்றாள்.

“வடிவாத்தான் சொல்லிக் குடுத்திருக்கிறாய். பிழை எங்க என்டு அம்மாவுக்கு நல்லாத் தெரியுது. ஆனால் உந்தக் கோபம் எங்கயிருந்து வந்தது? நான் அப்பிடிச் சொல்லித் தரேல்லையே.”

“அது எங்கம்மாகிட்ட இருந்து டீச்சர்.”

வகுப்பறை வெடித்தது. மண்டோர் பெருமாள் மேசையைத் தட்டினார். முனியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு நான் வாங்கிய மார்க் அது. அதை எந்த மெஷினும் படித்துச் சொல்லியிருக்காது. நிமிர்ந்து நின்று யோகமலர் டீச்சரைப் பார்த்தேன். தாளை எழுதி முடித்துவிட்டுச் சுற்றிமுற்றிப் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. பேனாவை மூடினார்.

“என்ர மகள் இப்ப என்ர அம்மாவை மாதிரித்தான் கதைக்கிறா,” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “கோவிக்கிறதும் அவவை மாதிரித்தான்.”

என்னையும் சுமதியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவர் வந்த நாளிலிருந்து அதை நான் அவர்மேல் வைத்துக்கொண்டிருந்தேன். அது என்மேல் விழும் என்று நான் நினைத்ததில்லை.

“சனிக்கிழமையில ரவாங்குக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு டீச்சர்?” என்று கேட்டார்.

பஸ் போய்விட்டிருந்தது. நான் வீட்டுக்குப் போய், “என்னங்க, காரை எடுங்க,” என்றேன். “எங்க?” என்றார். “கோலா குபு பாருவுக்கு.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாவியை எடுத்தார்.

பழைய கார். முன் சீட்டில் அரிசி மூட்டை கிடந்தது. அதை இறக்க நேரமில்லை. யோகமலர் டீச்சர் பையோடு பின் சீட்டில் ஏறி ஓரமாக உட்கார்ந்தார். சுமதி குடுகுடுவென்று ஓடி வந்து அவர் பக்கத்தில் உட்காரக் கதவைத் திறந்தாள்.

“கொஞ்சம் தள்ளு,” என்று சொல்லி, நான் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.